வறட்சிக்கு வானம் மட்டும் குற்றவாளி அல்ல!



ஆவணியில் புழுதி விதைப்பு போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்துக் கிடக்கிற மானாவாரிச் சம்சாரிக்கு, வறட்சி என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கம்மாய் வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். கதிர் வாங்குகிற நேரத்தில் தண்ணியில்லாமல் பயிர் சாவியாகப் போனதைப் பார்த்தவர்கள் நாம். மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிள்ளைகளைத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏற்றிவிட்டு, வெறும் வீட்டில் உட்கார்ந்தவர்களும் நாம்தான்.

மனுவோடு போய் நிற்கும்போதெல்லாம் நமக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். "மழை பெய்யலை, அதுக்கு நாங்க என்ன செய்ய? இயற்கைங்க!" சில வருஷமாக அந்தப் பதில் கொஞ்சம் மாறியிருக்கிறது. "எல்லாம் காலநிலை மாற்றம்ங்க. உலகம் பூரா இப்படித்தான்!" பழைய பதிலும் புதிய பதிலும் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும், இரண்டும் செய்கிற வேலை ஒன்றே. ஃபைலை மூடுகிற வேலை!

ஆகவே இந்தப் பிரசுரத்தில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். வறட்சியில் மனிதன் செய்த பங்கு எவ்வளவு? இதைப் பற்றி உலகத்து ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்? இது படித்தவர்கள் பேச்சு, நமக்கெதுக்கு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். இயற்கை செய்தது என்றால் நாம் கேட்பதற்குப் பெயர் தர்மம். மனிதன் செய்தது என்றால் நாம் கேட்பதற்குப் பெயர் நஷ்டஈடு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

ஈர வேட்டிக் கணக்கு

வறட்சி என்றால் மழை குறைவது என்று மட்டும் நினைக்கிறோம். அது பாதிக் கணக்கு. வயலுக்கு வரவு மழை. செலவு என்பது, வெயிலும் காற்றும் மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் உறிஞ்சிக்கொண்டு போகிற ஈரம். மார்கழியில் காயப்போட்ட ஈர வேட்டி மத்தியானம் வரை சொதசொதவென்று கிடக்கும். அதே வேட்டி சித்திரை வெயிலில் நொடியில் மொறமொறவென்று காய்ந்துவிடும். வேட்டியும் ஒன்று, நனைத்த தண்ணியும் ஒன்று. காற்றின் தாகம்தான் வேறு.

காற்று ஒரு டிகிரி சூடானால், அது பிடித்து வைக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. இது பௌதிக விதி. இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. மழை இல்லாத நாளில் மண்ணின் ஈரத்தைக் காற்று வேகமாக இழுக்கிறது. மழை பெய்கிற நாளில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கிறது. ஆகவே வருஷத்து மொத்த மழை பழைய அளவே இருந்தாலும், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் பயிர் தாங்குகிற நாள் குறைந்துபோகிறது. "முன்னெல்லாம் தாங்கி நின்ன பயிரு இப்ப சட்டுனு சுருண்டுருது" என்று களை எடுக்கிற தாய்மார்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை. ஆராய்ச்சியும் அதையேதான் சொல்கிறது.

ஆராய்ச்சி வந்த பாதை

நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகையில் இருக்கிற கரியமில வாயு, பூமியைப் போர்வை மாதிரி மூடிச் சூடேற்றும் என்று 1896-லேயே சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். 1958-ல் ஹவாய்த் தீவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு கூடினால் உலகின் பெரும் பகுதிகளில் கோடைக்காலத்து மண் ஈரம் குறையும் என்று 1981-ல் சியுகுரோ மனாபேயும் அவருடைய கூட்டாளிகளும் கணினியில் கணக்கிட்டார்கள். பூமியின் தட்பவெப்பத்தைக் கணினியில் கட்டிக் காட்டியதற்காக மனாபேக்கு 2021-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 2007-ல் ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு, உலகில் வறட்சி கூடியதில் மனிதனின் பங்கு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றது. 2013-ல் அதே குழு ஓரடி பின்வாங்கி, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியது. ஏன்? முன்பு வெப்பத்தை மட்டும் வைத்துப் போட்ட வறட்சிக் கணக்கில் காற்று வேகத்தையும் ஈரப்பதத்தையும் வெயில் அளவையும் சேர்த்துப் பார்த்தபோது, வறட்சி அவ்வளவு கூடியதாகத் தெரியவில்லை என்று 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. தங்கள் கணக்கில் ஓட்டை இருந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். நம் ஆபீஸ் கணக்குகள் என்றைக்காவது இப்படித் திருந்தியதுண்டா?

அதன்பிறகு வறட்சியை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மழை குறைகிற வறட்சி ஒன்று. மண்ணில் ஈரம் வற்றுகிற வறட்சி இன்னொன்று. ஆறு, குளம், நிலத்தடி நீர் வற்றுவது மூன்றாவது. பிரித்துப் பார்த்ததும் தெளிவு பிறந்தது. 2021-ல் வந்த ஆறாவது அறிக்கை, பூமி சூடானதற்கு மனிதனே காரணம் என்பதில் சந்தேகமே இல்லை என்றது. உலகின் சில பகுதிகளில் மண் வறட்சி கூடியதிலும் மனிதனுக்குப் பங்கு உண்டு என்று நடுத்தர உறுதியோடு சொன்னது. வறண்டுவருகிற அந்தப் பகுதிகளில், பழங்காலத்தில் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்த மண் வறட்சி, ஒரு டிகிரி சூடான உலகத்தில் 1.7 மடங்கு அதிகமாக வருகிறது. இரண்டு டிகிரி சூடானால் 2.4 மடங்காகும். 2025-ல் வெளியான ஓர் உலக ஆய்வு, காற்றின் தாகம் கூடியது மட்டுமே 1981 முதல் 2022 வரை உலக வறட்சியின் கடுமையைச் சராசரியாக 40 சதவீதம் கூட்டியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறது.

"இதை எப்படிக் கண்டுபிடிக்கிறான்?" என்று கேட்பீர்கள். நாம் வரப்புக்கு இந்தப் பக்கம் உரம் போட்டு, அந்தப் பக்கம் போடாமல் விட்டு, இரண்டு மகசூலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லையா? அதே முறைதான். இன்னொரு பூமி நம்மிடம் இல்லாததால், புகை போட்ட பூமியையும் போடாத பூமியையும் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். வயலில் எடுத்த அளவுகளோடு அதைச் சரிபார்க்கிறார்கள்.

இந்த முறையில் ஒவ்வொரு வறட்சிக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு வருகிறது. 2020 கடைசியில் தொடங்கி சோமாலியா, கென்யா, எத்தியோப்பியாவை வாட்டிய வறட்சியில் மண் அந்த அளவுக்குக் காய்ந்ததற்கான வாய்ப்பை, மனிதன் ஏற்றிய சூடு நூறு மடங்காவது கூட்டியிருக்கிறது என்று 2023-ல் சொன்னார்கள். ஆனால் 2019 முதல் 2021 வரை மடகாஸ்கர் தீவின் தெற்கே வந்த வறட்சியை ஆராய்ந்துவிட்டு, இதற்கு முக்கியக் காரணம் இயற்கையின் ஏற்ற இறக்கம்தான் என்று சொன்னார்கள். இல்லாததை இல்லை என்று சொல்கிறவன், இருப்பதை இருக்கிறது என்று சொல்லும்போது நம்பலாம்!

நம் ஊர் வழக்கு

சரி, நம் வழக்குக்கு வருவோம். 2016-ஐ நம்மில் யார் மறப்போம்? அந்த வருஷம் வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மழை 440 மில்லிமீட்டர். வந்தது 168 மில்லிமீட்டர். 62 சதவீதம் பற்றாக்குறை. தாது வருஷப் பஞ்சத்து 1876-க்குப் பிறகு இப்படியொரு பருவம் இல்லை என்று பேசப்பட்டது. 2017 ஜனவரி 10-ல் அப்போதைய முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய் நிவாரணம். அந்த வருஷம்தான் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டை ஓடுகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள்.

2016 முதல் 2018 வரை தொடர்ந்த அந்தத் தென்னிந்திய வறட்சியைக் காந்திநகர் ஐ.ஐ.டி.யின் விமல் மிஸ்ராவும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். 150 ஆண்டுகளில் காணாத வறட்சி என்பது அவர்கள் முடிவு. பருவமழை பொய்த்ததற்குக் கடல்நீரின் வெப்பநிலை மாறுபாட்டை அவர்கள் காரணம் காட்டினார்கள். ஆகவே 2016 மழையை நிறுத்தியது மனிதன் என்று நாமும் மேடையில் கத்த வேண்டாம். ஆதாரம் இல்லாத பேச்சு நம் வழக்கையே கெடுத்துவிடும்.

ஆனால் அந்தக் குறைந்த மழையின் மேல் வந்து விழுந்த வெயில் யாருடையது? மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடிவிட்டது என்றும், அதற்குப் பெரும்பாலும் மனிதன் விட்ட வாயுக்களே காரணம் என்றும் சொல்கிறது. 1951-க்குப் பிறகு தெற்குத் தீபகற்பம் உட்படச் சில பகுதிகளில், பத்து வருஷத்துக்குச் சராசரியாக இரண்டுக்கும் மேல் வறட்சி வந்திருக்கிறது என்றும் அதே அறிக்கை கூறுகிறது. மழை பொய்த்தது கடலின் விளையாட்டாக இருக்கலாம். காய்ந்த மண்ணை மேலும் காய்ச்சியதில் புகை விட்டவனுக்கும் பங்கு உண்டு.

புகை விட்டவன் யார்?

நமது கட்டை வண்டியும் கதிர் அரிவாளுமா இந்தப் புகையை விட்டது? இதுவரை உலகம் நிலக்கரி, எண்ணெய் எரித்து விட்ட கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா மட்டும் விட்டது. இந்தியா முழுதும் சேர்ந்து விட்டது மூன்று நான்கு சதவீதம்தான். அதிலும் சிவகங்கைச் சீமையின் மானாவாரிக் குடியானவன் விட்டது எம்புட்டு?

பெரு நாட்டில் லூசியானோ யூயா என்ற மலை விவசாயி, ஆர்.டபிள்யூ.இ. என்ற ஜெர்மன் மின்சாரக் கம்பெனி மீது 2015-ல் வழக்குப் போட்டார். "உன் புகையால் என் ஊர் மலைப்பனி உருகுகிறது, என் வீட்டைக் காக்கிற செலவில் உன் பங்கைக் கொடு" என்பது வழக்கு. 2025 மே மாதம் ஜெர்மனி நீதிமன்றம், அவர் வீட்டுக்கு உள்ள ஆபத்து போதிய அளவில் நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளுபடி செய்தது. ஆனால் புகை விட்ட கம்பெனியைப் பொறுப்பாளி ஆக்க முடியும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரைத்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2024-ல், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது குடிமக்களின் உரிமை என்று ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்காக ஓர் இழப்பு நிதி தொடங்க 2022-ல் எகிப்து மாநாட்டில் முடிவாகி, 2023-ல் துபாயில் அது செயலுக்கும் வந்தது. கதவு திறந்திருக்கிறது. கையில் ஆதாரத்தோடு போகிறவன்தான் உள்ளே நுழைய முடியும்.

உள்ளூர்க் குற்றவாளியை விடலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. "எல்லாம் காலநிலை மாற்றம்" என்று சொல்லி உள்ளூர்க் குற்றத்தை யாரும் மறைத்துவிடக் கூடாது. வரத்துக்காலை அடைத்தது அமெரிக்காக்காரனா? கம்மாய்க்குள் சீமைக் கருவையை வளரவிட்டது கடல் நீரோட்டமா? கலுங்கு உடைந்து வருஷக்கணக்கில் கிடப்பதும், மடை அடைத்துக் கிடப்பதும் கரியமில வாயுவின் வேலையா? தைல மரத் தோட்டங்களின் வரப்புகள் மழைத் தண்ணியை மறிக்கின்றன என்று நம் பக்கத்து விவசாயிகள் எத்தனை காலமாகச் சொல்லி வருகிறோம்!

இன்னும் ஒன்று. சூடு கூடக் கூட, தெற்காசியாவில் பருவமழையின் மொத்த அளவு கூடவும் வாய்ப்பு உண்டு என்றே ஐ.நா. குழுவின் கணிப்பு சொல்கிறது. ஆனால் அது சீராகப் பெய்யாது. வருஷத்துக்கு வருஷம் ஏற்ற இறக்கம் கூடும். நாலு நாளில் கொட்டும், நாற்பது நாள் காயும். அப்படியானால் நமக்கு என்ன வேண்டும்? கொட்டுகிற நாலு நாளில் பிடித்துவைக்க இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் கம்மாய்! வளவில் விழுகிற மழைத் தண்ணியை அண்டாவில் பிடித்த ஊர் இது. ஊருக்கு ஊர் ஊருணி வெட்டிய சீமை இது. நம் முன்னோர் விட்டுப்போன கம்மாயைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு, காலநிலை மாற்றம் பற்றிக் கூட்டம் போடுவது யாரை ஏமாற்ற?

மழைமானி மட்டும் பேசினால் போதுமா?

நிவாரணத்துக்கு வருவோம். 2016 டிசம்பரில் திருத்தி வெளியிட்ட மத்திய அரசின் வறட்சிக் கையேட்டில் முதல் கதவு மழைக் கணக்கு. அந்தக் கதவு திறந்தால்தான் மண் ஈரம், பயிர் நிலை, நீர்நிலை எல்லாம் பார்க்கப்படும். நாலு நாளில் கொட்டிய மழை மழைமானியில் பதிவாகிவிடும், காகிதத்தில் குறை தெரியாது. வயலில் பயிர் கருகிக் கிடக்கும். "மழை பதிவாகியிருக்கே!" என்று ஓர் அலுவலகத்தில் நம்மைத் திருப்பி அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா?

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதை. கடந்த ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷத்தின் சராசரி மகசூலை வைத்துத்தான் உத்தரவாத அளவு போடுகிறார்கள். வறட்சி அடிக்கடி வந்தால் அந்தச் சராசரியே கீழே இறங்கும். அதோடு நமக்கு வர வேண்டிய இழப்பீடும் இறங்கும். அடி கூடக் கூட மருந்து குறைகிற வைத்தியம் இது! 2022-ல் திருத்திய பேரிடர் நிவாரண விதிப்படி மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய். ஏக்கருக்குச் சுமார் 3,440 ரூபாய். உழவுக் கூலிக்கும் விதை நெல்லுக்குமாவது இது காணுமா?

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு பிர்க்காவிலும் தானியங்கி மழைமானியும் மண் ஈரம் அளக்கிற கருவியும் வை! அன்றாட அளவை ஊராட்சிப் பலகையில் எழுது!

2. வறட்சி அறிவிப்புக்கு மழைக் கணக்கோடு மண் ஈரத்தையும் முதல் அளவுகோலாக்கு!

3. தொடர் வறட்சியால் காப்பீட்டு உத்தரவாத மகசூல் இறங்காமல் காப்பாற்று! குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்களை அலைய விடாமல் சேர்த்துக்கொள்!

4. கம்மாய், வரத்துக்கால், ஊருணி அனைத்தையும் அளந்து ஆக்கிரமிப்பை அகற்று! ஆடிக்குள் மராமத்தை முடி! வண்டல் மண்ணை வயலுக்கு எடுக்க விடு!

5. செட்டிநாட்டில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம், நம் மண்ணில் கண்ட முடிவுகளை ஊர் ஊராக வந்து சொல்ல ஏற்பாடு செய்! வறட்சி தாங்கும் விதையை ஆவணிக்கு முன்பே கொடு!

6. 2021-ல் அடிக்கல் நாட்டிய காவிரி–வைகை–குண்டாறு இணைப்பை நம் சீமை வரை முடித்துக் கொடு!

7. உலக இழப்பு நிதியில் இந்தியாவின் பங்கைக் கேட்டு வாங்கு! அதை மானாவாரி விவசாயியின் கையில் சேர்!

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தால் காரியம் நடக்காது. ஐ.நா. குழுவின் அறிக்கை இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது. தெற்காசியாவின் மண் வறட்சியைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று இன்னும் ஒத்துப்போகவில்லை. அளவு எடுக்காத இடத்துக்காக எந்த ஆய்வு வந்து சாட்சி சொல்லும்? நம் வயலின் கணக்கு நம்மிடமே இல்லை என்றால், நமக்கு நடந்ததை யாரிடம் நிரூபிப்போம்?

ஆகவே தோழர்களே, கம்மாய்க்கு ஒரு நோட்டுப் போடுங்கள்! நேர்ச் சுவர் உள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வையுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்கேலை விட்டு அளந்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். விதைத்த தேதி, மழையில்லாமல் காய்ந்த நாட்கள், மடையில் கம்மாய்த் தண்ணியின் உயரம், கிணற்றுத் தண்ணியின் ஆழம், களத்தில் கண்ட மூட்டை — இத்தனையும் எழுதுங்கள். பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் அந்த நோட்டை வாசித்துத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். மேலே சொன்ன ஏழு கோரிக்கைகளையும் தீர்மானமாக்குங்கள். நகலில் முத்திரை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்!

அடுத்த முறை "இயற்கைங்க" என்று ஒருவர் கையை விரித்தால், அந்த நோட்டை மேஜைமேல் வைப்போம். "இதில் வானத்தின் பங்கு எவ்வளவு, புகை விட்டவன் பங்கு எவ்வளவு, கம்மாயைத் தூர்த்தவன் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்லுங்கள்" என்று கேட்போம். பதில் வரும் வரை எழுந்திருக்க மாட்டோம்!

பிச்சை கேட்கவில்லை, பாக்கியைக் கேட்கிறோம்!
கம்மாயை மீட்போம்! கணக்கை எழுதுவோம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!